செல்லத்தாய் வாசலில் வேப்பிலை

இதை ஏதாவது ஒரு செட்டில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் முதலில் எழுந்துபோய் அந்தப் புகை மிஷினை அணைத்துவிட்டு வாருங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பேய்ப் படம் என்றதும் முதலில் ஓட ஆரம்பிப்பது அதுதான், கடைசியாக நிற்பதும் அதுதான். நடுவில் என்ன எடுத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

நான் இசக்கியம்மாள். யூனிட்டில் எசக்கி மேம். மும்பை தாராவியில் பிறந்து, கல்யாணமாகிச் செம்பூருக்குப் போனவள். இந்தி சீரியல், இந்திப் படம், பிறகு ஓடிடி என்று எனக்கு வேலை இருந்த காலம் முழுக்கக் கலை இயக்கம்தான் பார்த்தேன். அதிலும் பாதிக்கு மேல் பேய் வீடுகள். ஓய்வு பெற்றுவிட்டேன். இனி யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க முடியாது என்பதால் மனசில் பட்டதைச் சொல்லப்போகிறேன். வேலையில் இருந்தபோதும் மனசில் பட்டதைத்தான் சொன்னேன், தூக்கவும் செய்தார்கள், திரும்பக் கூப்பிடவும் செய்தார்கள்.

நீங்கள் கலைப் பிரிவுக்குள் நுழைந்ததும் உங்களிடம் ஒரு தகரப் பெட்டியைக் காட்டுவார்கள். நான் அதற்குப் பேய்ப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தேன். விளக்குக்கு முன்னால் மாட்டுகிற நீலத் தாள், நூலாம்படை தெளிக்கிற டப்பா, விரிசல் விழுந்த கண்ணாடி, ஒற்றைக் கண் பொம்மை, உருகின மெழுகுவர்த்தி. தெற்கத்திக் கதை என்றால் கூடவே எலுமிச்சம்பழம், குங்குமம், சாம்பல் பூசிய கிழவனுக்கு ஒரு உருத்திராட்ச மாலை. இதை எல்லாம் எடுத்து ஒரு அறையில் கொட்டினால் பேய்ப் படம் என்று தெரிந்துவிடும். தெரிவது வேறு, பயப்படுவது வேறு. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டேன்.

முதல் சண்டை எனக்கு வேலை கற்றுத்தந்தவரோடுதான். செம்பூர் ஸ்டூடியோவில் பெரிய ஆள். கையில் தூரிகையை எடுத்தார் என்றால் நேற்று அடித்த சுவருக்கு நூறு வயசு ஏற்றிவிடுவார். அவரிடம் எனக்கு அத்தனை மரியாதை உண்டு, ஆனாலும் ஒத்துப்போகவில்லை. மாமியார் செத்துப் பேயாக வருகிற சீரியல் ஒன்று. வீட்டில் இரண்டு வேலைக்காரிகள், விடிந்ததும் பெருக்குகிறார்கள், துடைக்கிறார்கள். அந்த வீட்டுக் கூடத்தில் நூலாம்படை தெளிக்கச் சொன்னார். வேலைக்காரிகளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லையா என்று கேட்டேன். செட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. போர்டு மாட்டாமல் கடை என்று யாருக்கடி தெரியும் என்று கத்தி, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

வெளியே போகிற வழியில்தான் மாமியார் படத்தைப் பார்த்தேன். ஆளுயரம், சந்தன மாலை, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற கண். அதைச் சுவரிலிருந்து இறக்கி ஓரமாகத் திருப்பிவைத்தேன். படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு அடித்து, அந்தச் சதுரம் மட்டும் சுற்றுச் சுவரை விட வெளுப்பாகத் தெரிகிற மாதிரி செய்துவிட்டுப் போய் டீ குடித்தேன். டைரக்டர் வந்து படம் எங்கே என்றார். யாரோ எடுத்துவிட்டார்கள் என்றேன். யார் என்றார். அதுதான் சார் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்றேன். அவர் அந்த வெளுத்த சதுரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். டியூப்லைட் வெளிச்சத்தில், துடைத்து வைத்த கூடத்தில், அப்படியே எடுத்தார்.

என் குரு அதற்குப் பிறகும் மனசு மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்டு இல்லாமல் கடை என்று யாருக்குத் தெரியும்? நியாயமான கேள்விதான். பார்க்கிறவனுக்கு இது என்ன மாதிரிக் கதை என்று நாம் சொல்லியாக வேண்டும். எதை வைத்துச் சொல்கிறோம், அது யாருடைய பொருள், அதை நாம் எடுத்து ஆடிவிட்டுப் போன பிறகு அவர்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. அந்தக் கேள்வி தாராவியில், செல்லத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்றது.

செல்லத்தாய் எனக்கு ஒருவகையில் உறவு, மயினி என்று கூப்பிடுவாள். புருஷன் இருந்த காலத்திலிருந்தே இட்லி அவித்துத்தான் பிழைப்பு, அவன் போன பிறகு இவள் தனி. விடியுமுன் அவள் வீட்டிலிருந்து ஆவி கிளம்பிச் சந்து முழுக்க நிற்கும். சைக்கிள்காரர்களும் தலைச்சுமைக்காரர்களும் வந்து அலுமினியப் பாத்திரங்களில் நிரப்பிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு ஊரெல்லாம் விற்கப் போவார்கள். அவர்கள் வந்து எடுத்தால்தான் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு. நாலு நாள் வராமல் இருந்தால் அடுத்த சந்தில் இன்னொருத்தி அவிக்கிறாள், அங்கே போய்விடுவார்கள், திரும்ப மாட்டார்கள். சாப்பாட்டு வியாபாரத்தில் பெயர்தான் எல்லாம்.

ஒரு ஓடிடி தொடருக்குத் தாராவித் தமிழ் வீடு வேண்டுமென்று வந்தார்கள். ஒரு பெண் செத்துப் பேயாக வந்து, தான் வாழ்ந்த வீட்டை விட்டுப் போகமாட்டேன் என்கிற கதை. டைரக்டர் ஸ்ரீராம் மாட்டுங்காப் பையன். தாத்தா காலத்திலிருந்து அங்கேதான், தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். நல்ல பிள்ளை, நிறையப் படம் பார்த்தவன். முதல் நாளே என் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, உங்க பேரே ஒரு பேயோட பேராமே மேம் என்று சந்தோஷமாகச் சொன்னான். எங்கள் ஊரில் அது சாமி, வம்பு பண்ணினால் மட்டும் மற்றது என்றேன். அன்றிலிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றான்.

செல்லத்தாய் வீட்டை நான்தான் பேசிமுடித்தேன். காலையில் அவள் வியாபாரம், அது முடிந்த பிறகு எங்கள் வேலை. வாசலில் எதையும் மாற்ற மாட்டோம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஸ்ரீராமிடமும் சொன்னேன். வாசல் அவளுடைய கடை முகப்பு, அதில் எலுமிச்சை, ரத்தக் கை, வேப்பிலை, ஒரு மண்ணும் கிடையாது. அவன் தலையைச் சொறிந்தான்.

"ஆடியன்ஸுக்கு ரெண்டு செகண்ட்லே ஹாரர்னு தெரியணும் மேம். இல்லேன்னா ஸ்வைப் பண்ணிண்டு போயிடுவா. அதுவும் சவுத் ஹாரர்னு தெரியணும்னு ஆபீஸ்லே சொல்றா."

சவுத் ஹாரர் என்றால் என்ன என்று கேட்டேன். மஞ்சள், குங்குமம், வேப்பிலை, நாக்கை நீட்டின அம்மன் என்று அடுக்கினான். இதெல்லாம் எங்கள் வீட்டில் பயத்தைப் போக்க வைக்கிற பொருள்களடா, இதைக் காட்டியா ஊரைப் பயமுறுத்துவாய் என்று சத்தம் போட்டேன். அவனுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதிதான் வம்பு.

ஒருநாள் நெருளில் என் நாத்தனார் வீட்டில் விசேஷம், லீவு போட்டேன். அன்றைக்கு ஓடிடி ஆபீஸிலிருந்து ஸ்ரீராமுக்குப் போன். அதுவரை எடுத்ததைப் பார்த்துவிட்டு, இது ஏதோ டாக்குமெண்டரி மாதிரி இருக்கிறது, பேய் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். பையன் பயந்துவிட்டான். நேராக மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பிக் கட்டுக்கட்டாக வேப்பிலை வாங்கிவரச் செய்து, செல்லத்தாய் வாசல் நிலையில் அடர்த்தியாகக் கட்டி, படியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் வாசலைப் பல கோணத்தில் எடுத்திருக்கிறான். முடிந்ததும், நாளைக்கும் இதே வாசல் வேண்டும், கழற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு, செல்லத்தாய் சொன்னதைக் காதில் வாங்காமல் எல்லாரும் போய்விட்டார்கள்.

வேப்பிலை கட்டின வாசல் தெற்கத்திச் சனத்துக்கு என்ன சொல்லும் என்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியாள் உள்ளே போக மாட்டான். அந்த வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். தாளிக்கிற வாசனைகூட வராது. ஸ்ரீராம் அதைப் பேய்க்குப் போர்டு என்று நினைத்து மாட்டினான். சந்து அதைத் தன் பாஷையில் படித்தது. ஒரு இட்லிக்காரி வீட்டு வாசலில்!

மறுநாள் காலை செல்லத்தாய் போன் பண்ணினாள். அழவில்லை, அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். யாரும் வரவில்லை மயினி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். செம்பூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

சந்து முனையில் இறங்கினதும் நான் பார்த்ததை நீங்களும் பார்க்க வேண்டும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நல்ல வெயில். ஒரு நிழல்கூடக் கறுப்பாக இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், குழாயடியில் குடம் நிரம்புகிறது, ஒருவன் தோல் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறான். எல்லாம் எப்போதும் போலத்தான். செல்லத்தாய் வீடு வந்ததும் மட்டும் ஒவ்வொருவரும் எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், தாண்டினதும் பழையபடி நடந்தார்கள். ஒரு பெண் இடுப்புப் பிள்ளையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனாள். யாரும் ஓடவில்லை, கத்தவில்லை. அத்தனை பேய் வீடு கட்டிய எனக்கு முதல் தடவையாக ஒரு வீட்டைப் பார்த்துப் பயம் வந்தது.

உள்ளே செல்லத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடை கூடையாக இட்லி, மேலே ஈரத்துணி, அடியில் சூடு போய்க்கொண்டிருக்கிறது. வந்தவர்கள் வேப்பிலையைப் பார்த்துச் சந்து முனையிலேயே திரும்பிவிட்டார்களாம். ஷூட்டிங்குக்குக் கட்டினது என்று இவள் கூவிப் பார்த்திருக்கிறாள். அம்மை இருக்கிற வீட்டில் இல்லை என்றுதானே சொல்வார்கள் என்று போய்விட்டார்கள். வழக்கமாக முதல் ஆளாக வருகிற பால்ராஜ் அண்ணாச்சி மட்டும் கொஞ்ச நேரம் நின்று, அவரும் குனிந்த தலையோடு சைக்கிளைத் திருப்பியிருக்கிறார். அவள் புருஷன் காலத்திலிருந்து வருகிறவர். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கழற்றி எறிய வேண்டியதுதானே ஏட்டி என்று கேட்டேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படி எறிய மயினி? யாரு கட்டுனாலும் கட்டுனபொறவு அவ அம்மன்தான். நான் கைய வச்சு பிச்சுப் போட்டுட்டு, நாளைக்கு நெசமாவே அவ வீட்டுக்குள்ள வந்துட்டான்னா?"

நான் வேப்பிலைக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் அவள் பயத்தை என்னால் கேலி செய்ய முடியாது, அதில் பாதி எனக்குள்ளும் இருக்கிறது. அம்மை இறங்கின வீட்டில் செய்வதுபோலத் தலைக்குத் தண்ணீர் விட்டு, முறைப்படி இறக்கலாம் என்றால், அப்போது அம்மை இருந்தது உண்மைதான் என்று சந்தே முத்திரை குத்திவிடும். நானே ஏறிப் பிய்த்துப்போட்டால், மறைக்கிறார்கள் என்பார்கள். எப்படிப் போனாலும் செல்லத்தாய்க்கு அடி. சீக்கிரம் ஏதாவது செய்யாவிட்டால் மத்தியானத்துக்குள் பேச்சு பக்கத்துச் சயானைத் தாண்டிவிடும்.

அவசரத்தில் மூளை வேலை செய்யவில்லை என்றால் கண்ணை வேலை செய்ய விடுங்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். சந்து நம்புவது கண்ணால் பார்ப்பதைத்தான். வேப்பிலையைக் கண்டார்கள், அம்மை என்று நம்பினார்கள். ஷூட்டிங் என்று நம்ப வேண்டுமென்றால் ஷூட்டிங்கைக் காண வேண்டும், அவ்வளவுதானே. ஸ்ரீராமுக்குப் போன் போட்டேன். முழு யூனிட்டும் இப்போதே வர வேண்டும், பேயாக நடிக்கிற பெண் முழு மேக்கப்பில் வர வேண்டும், யாரும் காலைச் சாப்பாடு சாப்பிட்டிருக்கக் கூடாது என்றேன். ஷெட்யூல் மத்தியானம்தான் மேம் என்று இழுத்தான். என்ன ஆயிற்று என்று சொன்னேன். வரேன் மேம் என்றான்.

வந்தார்கள். வேன், லைட், ஸ்டாண்ட், ஒயர் எல்லாம் சந்துக்குள் இறங்கியது. அந்தப் பெண் வெள்ளை முகமும் கறுத்த கண்குழியும் நெற்றியில் காய்ந்த ரத்தமுமாக இறங்கி வந்தாள். இந்திக்காரப் பெண், கெட்டிக்காரி, விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்வி கேட்கவில்லை. செல்லத்தாய் வாசல் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை வாங்கிச் சட்னியில் தோய்த்து இட்லி தின்ன ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் கேமராக்காரர், லைட்காரர்கள், மேக்கப் ஆள், டிரைவர்கள் என்று சந்து நெடுக உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு என்று பேய் கேட்கக் கேட்கச் செல்லத்தாய் வைத்துக்கொண்டே இருந்தாள்.

எதிர்ச் சுவரோடு ஒட்டிப் போனவர்கள் எல்லாரும் இப்போது கையில் மொபைலோடு நிற்கிறார்கள். ரத்தப் பொட்டு வைத்த பேய், பட்டப்பகலில், விரலை நக்கிக்கொண்டு சாம்பார் கேட்கிறது. சின்னப் பிள்ளைகள் அவளோடு போட்டோ எடுக்க வரிசை கட்டிவிட்டார்கள். சந்தே சிரித்தது.

கூட்டம் சேர்ந்ததும் ஸ்ரீராமைக் கூப்பிட்டேன். கட்டினவன்தான் இறக்க வேண்டும் என்று சொல்லி ஸ்டூலைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். அத்தனை பேர் பார்க்க, ஒரு இலை கீழே விழாமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, அம்மன் கோயில் வரைக்கும் வெறுங்காலோடு நடந்துபோய் வைத்துவிட்டு வந்தான். நான் அதைச் செய்யச் சொல்லவில்லை. வந்து செல்லத்தாய் முன்னால் நின்று மன்னிச்சுக்கோங்கோ என்றான். இட்லி சாப்பிட்டியா என்று கேட்டாள் அவள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு நான் எழுதியிருக்கவே மாட்டேன். வாசல் காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். முந்தின நாள் எடுத்ததை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். ஸ்ரீராம் மறுக்கவில்லை, ஆனால் ஆபீஸுக்கு என்னத்தைக் காட்டுவது என்று முகம் செத்துப்போய் நின்றான். காலையில் நான் பார்த்ததை எடுப்போம் என்றேன். புகை வேண்டாம், நீலம் வேண்டாம், வெயிலிலேயே எடுப்போம். இந்தச் சந்தில் எல்லாரும் ஒரு வீட்டைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஏன் என்று சொல்ல வேண்டாம்.

ஸ்ரீராம் என்னைப் பார்த்த பார்வையில் அவனுக்குள்ளும் அந்தப் பயம் இறங்கியது தெரிந்தது. ஆனால் அது என் காலை இல்லை, செல்லத்தாயின் காலை. அவளிடம் கேட்டாக வேண்டும். கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"என் வயித்தெரிச்சல் உனக்குப் படமா வேணுமாக்கும்?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, எடுத்துக்கோ, ஆனா என் வாசல் ஒரு துளிகூடத் தெரியக் கூடாது மயினி, நாளைக்கு எவனாவது பேய் வீட்டு இட்லின்னு சொல்லிறக் கூடாது என்றாள். சரி என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. பேய் வீட்டை எல்லாரும் ஒதுக்குகிற காட்சி, அதில் பேய் வீடு தெரியக் கூடாது.

கேமராமேன் முடியாது என்றார். ஸ்ரீராம் எதிர் மாடியிலிருந்து எடுக்கலாமா என்றான், அங்கேயிருந்தும் வாசல் தெரிகிறது. நான் உள்ளே போய், காலையில் செல்லத்தாய் சாய்ந்திருந்த அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் நிலையின் உள்பக்கம் இருட்டாக, நடுவில் சந்து வெள்ளை வெளேரென்று. கேமராவை இங்கே கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். பார்க்கிறவனை வீட்டுக்கு வெளியே நிறுத்தி வீட்டைப் பார்த்துப் பயப்படு என்று எத்தனை காலம் சொல்வது? அவனைத் தூக்கி உள்ளே உட்காரவைப்போம். தான் உட்கார்ந்திருக்கிற இடத்தை ஊரே ஒதுக்கினால் எப்படி இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும்.

நடக்க ஆட்கள் வேண்டும். ஸ்டூடியோவிலிருந்து வரவழைக்க நேரமில்லை, சந்துக்காரர்களையே கேட்டோம். சந்தோஷமாக வந்தார்கள். சொல்லித்தர ஒன்றுமே இருக்கவில்லை. தோல் கட்டுக்காரர், குடத்துப் பெண், இடுப்புப் பிள்ளைக்காரி, ஒவ்வொருவரும் வாசல் வந்ததும் அழகாக முகத்தைத் திருப்பினார்கள். கேமராவுக்குப் பின்னால் செல்லத்தாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாத்தான் நடிக்காவ, காலைல இருந்து பழக்கமாச்சே என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பால்ராஜ் அண்ணாச்சியையும் யாரோ கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். பேய் இட்லி தின்பதைப் பார்க்கக் கூட்டம் கூடியபோதுகூட அவர் கிட்டே வரவில்லை, முனையிலேயே நின்றிருந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைசியாக வர வேண்டும், எல்லாரையும் போலத் திரும்பிக்கொள்ள வேண்டும். வந்தார். வாசல் நேரே வந்ததும் நின்றார். முகத்தைத் திருப்பவில்லை. நேராக உள்ளே பார்த்தார். கட் என்றான் ஸ்ரீராம். மறுபடி எடுத்தோம், மறுபடியும் அதே. தலையைத் திருப்புங்க அண்ணாச்சி என்று நான் வெளியே போய்ச் சொன்னேன். சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ஏற்கெனவே ஒருவாட்டி திருப்பியாச்சு தாயி. இன்னொருவாட்டி முடியாது."

அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் போடலாம் என்றார்கள். நான் மானிட்டருக்குப் போய் அந்த டேக்கை ஓட்டிப் பார்த்தேன். வரிசையாகத் திரும்பிப் போகிற முகங்கள், வெயில், கடைசியில் ஒரே ஒரு ஆள் நின்று, இருட்டுக்குள் இருக்கிற நம்மை நேராகப் பார்க்கிறார். இதுதான் ஷாட், இதில் யாராவது கை வைத்தால் டைட்டிலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். ஸ்ரீராமும் ஒத்துக்கொண்டான்.

ஆபீஸில் வழக்கம்போலக் குதித்தார்கள். பேயே இல்லையே, புகையாவது சேருங்கள், கலரையாவது நீலமாக்குங்கள் என்றார்கள். இந்தத் தடவை சண்டை போட்டது நான் இல்லை. ஸ்ரீராம் என் முன்னால்தான் போனில் பேசினான். இந்தியில் பேச ஆரம்பித்தவன் கோபத்தில் தமிழுக்கு வந்துவிட்டான், அந்தப் பக்கம் யாருக்கும் புரிந்திருக்காது. ஒரு துளி நீலம் சேர்த்தாலும் நான் இல்லை என்றான். சேர்க்கவில்லை. ஆனால் அடுத்த சீசனுக்கு எங்கள் இருவரையும் கூப்பிடவில்லை, அது வேறு கதை. எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

தொடர் வெளியானதும் எல்லாரும் அந்த ஆளைப் பற்றித்தான் பேசினார்கள். அத்தனை பேர் பார்க்காமல் போகும்போது கூடப் பரவாயில்லை, அந்தக் கடைசி ஆள் பார்த்தான் பாருங்கள், போனைக் கீழே போட்டுவிட்டேன் என்று எழுதினார்கள். அந்த மனுஷன் செத்தவரா, உயிரோடு இருக்கிறவரா என்று விவாதம் நடந்தது. உயிரோடுதான் இருந்தார். மறுநாள் விடியுமுன்னே செல்லத்தாய் வாசலில் முதல் ஆளாக வந்து நின்று, பாத்திரத்தை நீட்டியவர் அவர்தான். அவர் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எல்லாரும் இல்லை, சிலர் அடுத்த சந்துக்கே போய்விட்டார்கள். செல்லத்தாய் வாசல் எதிலும் தெரியவில்லை, பேய் வீட்டு இட்லி என்று எவனும் சொல்லவில்லை. ஆவி இன்றைக்கும் கிளம்புகிறது.

அவளுக்கு அந்தத் தொடரை நான்தான் என் போனில் போட்டுக் காட்டினேன். மற்றதையெல்லாம் தள்ளித் தள்ளிவிட்டாள். அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். திரும்பின முகங்களுக்குப் பிறகு, வெயிலில் நின்று நேராகப் பார்க்கிற பால்ராஜ் அண்ணாச்சி. ஊரே அலறின சட்டகம். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதை அப்படியே தன் போனுக்குப் படமாக அனுப்பச் சொன்னாள். எல்லாரும் இதைப் பார்த்துத்தான் நடுங்குகிறார்கள், உனக்குப் பயமாக இல்லையா ஏட்டி என்று கேட்டேன்.

"எல்லாரும் போனபொறவு ஒருத்தர் நின்னு நம்ம வீட்டைப் பாக்காரு," என்றாள் செல்லத்தாய். "அதுல பயப்பட என்ன மயினி இருக்கு?"